காறோஸ்

ஒவ்வோர் ஆண்டும் மே மாத இறுதியில் தொலைக்காட்சியில் ரோலண்ட் காறோஸ் டென்னிஸ் ஆட்டங்கள் தொடங்கும்போது என் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாத ஒரு கூச்சம் எனக்குள் எழும். 1974 முதல் கல்லூரியை விட்டு வெளியேறும்வரை என் பட்டப்பெயர் அதுதான். அதைச் சூட்டிய பௌதிக மாஸ்ரர் கடந்த தை மாதம் காலமானார்.

அன்று கடைசிப் பாடவேளை. விமானத்தின் மூக்கில் சுழலும் விசிறிக்கு ஊடாக எப்படிச் சுடுவது என்று அவர் கேட்க, நான் எழுந்து, "சன்னத்தின் வேகத்துக்கு விசிறி எம்மாத்திரம், சேர்?" என்றேன். அவர் மறுபேச்சின்றி ஒரு சைக்கிள் சில்லில் இரண்டு பலகைத் துண்டுகளைக் கட்டிச் சுழற்றிவிட்டு, புளியங்கொட்டைகளை என் கையில் தந்தார். ஏழெட்டுக் கொட்டைகள் தப்பிப் போயின, வகுப்பு கைதட்டியது. அடுத்தது பலகையில் பட்டுத் தெறித்து என் நெற்றியிலேயே வந்து விழுந்தது. அந்தச் சிரிப்பு பக்கத்து வகுப்புக்கும் கேட்டிருக்கும்.

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து அவர், அந்த டென்னிஸ் போட்டியின் பெயருக்குரிய காறோஸின் கதையைச் சொன்னார். பெரும்பாலான சன்னங்கள் தப்பிவிடும் என்று நம்பிய அந்தப் பிரெஞ்சு விமானி, படுகின்ற சிலவற்றைத் திசைதிருப்ப விசிறியில் உருக்கு ஆப்புகளைப் பொருத்தி, முதலாம் உலகப் போரின்போது 1915 ஏப்ரலில் மூன்று ஜெர்மானிய விமானங்களை வீழ்த்தினார்; அதே மாதம் 18ஆம் திகதி எதிரியின் பக்கத்தில் தரையிறங்கிப் பிடிபட்டார். சில வாரங்களுக்குள், ஜெர்மானியருக்கு விமானம் செய்த ஃபொக்கரின் தொழிற்சாலை, விசிறியின் அலகு துப்பாக்கிக்கு நேரே வராத கணத்தில் மட்டும் சுடும்படி இயந்திரத்தையும் விசைவில்லையும் இணைத்துவிட்டது. இதே எண்ணத்துக்குப் போருக்கு முன்பே ஷ்னைடர் என்பவர் காப்புரிமை கோரியிருந்தார் என்பதையும், அப்போது எந்தப் படைக்கும் அது வேண்டியிருக்கவில்லை என்பதையும் மாஸ்ரர் ஒருவிதக் கசப்போடு சொன்னது நினைவிருக்கிறது.

வேவு பார்க்கவும் படமெடுக்கவும் ஆடாமல் பறக்க வேண்டும் என்று பிரித்தானியர் பார்த்துப் பார்த்துச் செய்த பி.இ.2சி விமானம், அந்த ஆடாமையாலேயே ஃபொக்கருக்கு இரையானது. அதற்கு நேர்மாறாக, 1917இல் வந்த சொப்வித் கமல் என்ற பிரித்தானியப் போர் விமானம், பாரமெல்லாம் மூக்கருகே குவிந்து, சட்டென்று திரும்பும் ஆற்றலைப் பெற்றது. பழகாத பயிற்சி விமானிகள் பலரை அதுவே கொன்றது.

நான் 1984இல் ஊரை விட்டுப் புறப்பட்டேன், அவர் புறப்படவில்லை. 1986இல் எழுதிய கடிதத்தில், பயிற்சி விமானம் என்று பெயர்பெற்ற, இலங்கை விமானப்படையின் சியாய் மார்கெட்டி ஊருக்கு மேலே குண்டு போடுவதை ஒரே வரியில் குறிப்பிட்டு, அதற்குக் கீழே, லண்டனின் ஹென்டன் விமானப்படை அரும்பொருளகத்துக்குப் போனால் கமலின் இயந்திரத்தருகே ஆமணக்கெண்ணெய் மணக்கிறதா என்று பார்த்து எழுதும்படி கேட்டிருந்தார். அந்தக் காலச் சுழல் இயந்திரங்களுக்கு அதுதான் மசகெண்ணெய். பேதிக்கு அதைக் குடித்து வளர்ந்த எங்களுக்கு அவர் அதை விளக்கத் தேவையிருக்கவில்லை. ஹென்டன் என் வீட்டிலிருந்து இருபது நிமிடப் பயணம். வேலை, பிள்ளைகள் என்று முப்பத்தெட்டு ஆண்டுகள் தள்ளிப்போட்டேன்.

மாசியில் போனேன். கயிற்றுத் தடுப்புக்கு மேலாக எட்டமுடிந்த மட்டும் குனிந்து பார்த்தேன். தரைக்குப் போட்ட மெழுகின் மணந்தான் வந்தது.