வேதபாட வகுப்பு கற்றுத் தந்த வாசிப்பு

கல்லூரி நாட்களைப் பற்றி எழுதுங்கள் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, எதை எழுதுவது என்று நான் யோசிக்கவே இல்லை. மைதானத்தைப் பற்றியும் பரிசளிப்பு விழாக்களைப் பற்றியும் எழுத நம்மிடையே பலர் இருக்கிறார்கள். நான் பட்ட கடன் வேதபாட வகுப்பிடம். அங்கே எங்களுக்குக் கற்பித்த ஆசிரியை, வேதாகமத்தை எப்படி வாசிப்பது என்று சொல்லித் தந்தார். இத்தனை வருடம் வெளிநாட்டில் வாழ்ந்தும் விசுவாசத்தில் நிலைத்திருக்கிறேன் என்றால் அதற்கு அந்த வகுப்பு ஒரு பெரிய காரணம்.

ஒரு நூலை எடுத்தால் முதலில் அதை முழுவதும் சத்தமாக வாசிக்க வைப்பார். மாற்கு சுவிசேஷத்துக்குப் பதினாறு அதிகாரங்கள். நிறுத்தாமல் வாசித்தால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். நாங்கள் மாறி மாறி வாசித்தோம். அதுவரை துண்டு துண்டாகக் கேட்டிருந்த கதைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு எருசலேமை நோக்கி விரைவதை அன்றுதான் உணர்ந்தேன். அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டன் என்பவரால் வந்தவை என்றும், புதிய ஏற்பாட்டில் இன்று நாம் காணும் வசன எண்களை 1551இல் ராபர்ட் எஸ்தியன் என்ற அச்சகர் சேர்த்தார் என்றும் சொன்னார். இடத்தைக் கண்டுபிடிக்க அந்த எண்கள் உதவும். அந்த இடத்தில் வெட்டுவதற்கு அவை அனுமதி தரவில்லை என்பார்.

வாசித்து முடித்ததும் அவர் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "இதில் என்ன கண்டீர்கள்?" கருத்து என்ன என்று கேட்கமாட்டார். அதற்கு நேரம் வரும் என்பார்.

மாற்கு 5ஆம் அதிகாரத்தை அவர் நடத்திய விதம் எனக்கு இன்றும் அப்படியே நினைவிருக்கிறது. ஜெபஆலயத் தலைவனாகிய யவீரு இயேசுவின் பாதத்தில் விழுந்து, மரணத் தறுவாயிலிருக்கும் தன் மகளுக்காகக் கெஞ்சுகிறான். இயேசு அவனோடு போகிறார். வழியில், பெரும்பாடுள்ள, அதாவது ஓயாத இரத்தப்போக்குள்ள, ஒரு பெண் கூட்டத்துக்குள் நுழைந்து அவருடைய ஆடையைத் தொடுகிறாள். அவள் எத்தனை வருடமாக நோயுற்றிருந்தாள் என்று தேடினோம்; பன்னிரண்டு. "அந்த எண் வேறு எங்காவது வருகிறதா?" என்றார். அதிகாரத்தின் முடிவுக்குப் போனோம். எழுந்து நடந்த சிறுமிக்கு வயது பன்னிரண்டு. ஒரு வீட்டில் குழந்தை பிறந்த காலத்தில்தான் இந்தப் பெண்ணுக்கு இரத்தப்போக்கு தொடங்கியிருக்கிறது. லேவியராகமம் 15ஆம் அதிகாரத்தையும் திறக்கச் சொன்னார். அந்தச் சட்டப்படி அவளைத் தொட்டவர்களுக்கும் தீட்டு. யவீருவின் மகள் ஓடி விளையாடிய அத்தனை வருடமும் இவள் எவரையும் தொட முடியாமல், கையிலிருந்ததையெல்லாம் வைத்தியர்களிடம் செலவழித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். "இப்போது சொல்லுங்கள், இயேசு அவளை எப்படி அழைத்தார்?" மகளே என்று. தன் மகளுக்காகத் தவித்துக்கொண்டு ஒரு தகப்பன் பக்கத்தில் நிற்கிறான். தனக்காகக் கெஞ்ச ஒருவரும் இல்லாமல் வந்தவளை, அவன் கேட்க, மகளே என்று அழைக்கிறார். அந்தப் பேச்சு முடியுமுன்னே சிறுமி இறந்த செய்தியும் வந்துவிடுகிறது. அந்தத் தாமதத்தை யவீரு எப்படித் தாங்கியிருப்பான் என்று ஆசிரியை கேட்டார். பதிலுக்காகக் காத்திருந்தார். தானாகப் பதில் சொல்லவே இல்லை.

இப்படி வாசிக்கப் பழகியவர்களுக்குத் தனி வசனங்களோடு கொஞ்சம் சிரமம் ஏற்படும். அந்தச் சிரமம் நல்லது என்றே நினைக்கிறேன். "உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்" என்ற வசனத்தைப் பலர் ஆசீர்வாதமாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அது யோபு 8:7. யார் சொன்னது என்று ஆசிரியை கேட்டபோது வகுப்பில் பலரும் கர்த்தர் என்றோம். சொன்னவன் யோபின் நண்பன் பில்தாத். பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் இழந்த தகப்பனிடம், உம்முடைய பிள்ளைகள் பாவம் செய்தபடியால் அவர்களுக்கு இந்தக் கதி நேர்ந்தது என்ற பொருளில் சற்று முன்தான் பேசியிருக்கிறான். நூலின் கடைசி அதிகாரத்தில் கர்த்தர், யோபின் நண்பர்கள் தம்மைக் குறித்துச் சரியானதைப் பேசவில்லை என்று கோபம்கொள்கிறார். அதே அதிகாரத்தில் யோபின் பின்னிலைமை முன்னிலைமையைவிட ஆசீர்வாதமாகவும் முடிகிறது. அப்படியானால் பில்தாத் சொன்னது பலித்ததா? ஒரு வாரம் முழுவதும் நாங்கள் வாதாடினோம். துயரப்படும் ஒருவரிடம் உண்மைபோல் ஒலிக்கும் வார்த்தையைச் சொல்லுமுன் யோசிக்க வேண்டும் என்ற பயம் எனக்கு அந்த வாதத்தில்தான் வந்தது.

கடினமான பகுதிகளையும் அவர் தாண்டிப் போகவிடவில்லை. 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. அதற்கு ஒரு நம்பிக்கை வரியை ஒட்டவைக்க வேண்டாம் என்றார். 137ஆம் சங்கீதத்தில் பாபிலோன் ஆறுகளின் ஓரத்து அழுகையை வாசித்தவர்கள், அதன் கடைசி வசனத்தின் கொடூரத்தையும் வாசித்தே ஆக வேண்டும் என்றார்.

புலம்பெயர்ந்த பிறகு எனக்கு அதிகம் கைகொடுத்தது எரேமியா 28, 29 ஆகிய அதிகாரங்களை அவர் சேர்த்து நடத்திய பாடம். 29:11ஐ அறியாத கிறிஸ்தவர்கள் குறைவு: கர்த்தர் நம்மேல் கொண்டிருக்கும் நினைவுகள் "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே". ஆனால் அது ஒரு கடிதத்தின் நடுவில் வரும் வரி. கி.மு. 597இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து சிறைபிடித்துக்கொண்டுபோன மக்களுக்குத் தீர்க்கதரிசி எரேமியா எழுதிய கடிதம் அது. அதற்கு முந்தைய அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டு வருடத்துக்குள் எல்லோரும் திரும்பி வருவார்கள் என்று ஆலயத்தில் எல்லார் முன்பாகவும் அறிவிக்கிறான். எரேமியா உடனே அவனைக் கண்டிக்கவில்லை. ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக என்கிறார். அந்த ஆமெனை நான் மிகவும் நேசிக்கிறேன். மக்கள் கேட்க ஏங்கிய செய்தியை அவரும் விரும்பினார். விரும்பியதற்காக அதை உண்மை என்று அவர் சொல்லவில்லை.

பிறகு கடிதம் போகிறது. வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளைப் பெறுங்கள், பிள்ளைகளுக்கு மணமுடித்து வையுங்கள். நீங்கள் கொண்டுபோகப்பட்ட பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபம் செய்யுங்கள். எழுபது வருடம் நிறைவேறும்போது உங்களைத் திரும்ப வரப்பண்ணுவேன். இத்தனைக்கும் பிறகுதான் அந்தப் புகழ்பெற்ற வசனம் வருகிறது. அதைக் கேட்ட முதியவர்கள் தாங்கள் திரும்பப் போவதில்லை என்று அறிந்தே கேட்டிருப்பார்கள். வாக்குறுதி அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு. அவர்களுக்கோ வீடு கட்டுவதும், தங்களைச் சிறைபிடித்தவர்களின் பட்டணத்துக்காக ஜெபிப்பதும். செமாயா என்பவன் பாபிலோனிலிருந்தே எருசலேமுக்கு எழுதி, இப்படியொரு கடிதம் அனுப்பிய எரேமியாவை ஏன் அடக்கவில்லை என்று முறையிட்டான். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. புதிய நாட்டில் முதல் வீட்டுக்கு முன்பணம் கட்டியபோது, இனித் திரும்பமாட்டோம் என்று ஒப்புக்கொள்வதாகிவிடுமோ என்ற கலக்கம் எங்கள் குடும்பத்திலும் இருந்தது. அந்த இரவுகளில் 11ஆம் வசனத்தைத் தனியாக வாசித்திருந்தால் எனக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. 5ஆம் வசனத்திலிருந்து வாசித்தபோது செய்ய வேண்டிய வேலை கிடைத்தது. யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்பதும் கிடைத்தது.

எரேமியாவின் எழுத்தைப் பல வருடங்களுக்குப் பிறகு வாசித்த ஒருவரை வேதாகமமே காட்டுகிறது. தானியேல் 9ஆம் அதிகாரத்தில், அந்நிய தேசத்தில் முதியவராகிவிட்ட தானியேல், எழுபது வருடம் என்ற எண்ணைப் புத்தகங்களில் கண்டறிகிறார். காலம் நெருங்கிவிட்டது என்று அவர் கொண்டாடவில்லை. உபவாசித்து, இரட்டுடுத்தி, சாம்பலில் உட்கார்ந்து, நாங்கள் பாவம் செய்தோம் என்று தன் மக்களோடு தன்னையும் சேர்த்து மன்றாடுகிறார். வேதத்தைப் படிப்பது என்றால் என்ன என்று பிள்ளைகள் கேட்கும்போது இந்த அதிகாரத்தைத்தான் முதலில் திறந்து காட்டுகிறேன். தேதிகளைக் கணக்கிட்டுப் பயமுறுத்தும் பிரசங்கங்களை அவர்கள் நிறையக் கேட்கிறார்கள். கணக்கை அறிந்த மனிதர் என்ன செய்தார் என்பதை அவர்கள் பார்க்க வேண்டும்.

ஆசிரியை இப்போது நம்மிடையே இல்லை. அவரிடம் படித்தவர்கள் சிலர் வெவ்வேறு நாடுகளிலிருந்து கணினித் திரை வழியே கூடி வாசித்து வருகிறோம். விளக்கவுரைகளைக் கடைசியில்தான் திறக்கிறோம். முதலில் எல்லோரும் கண்டதைச் சொல்ல வேண்டும். இங்கே பிறந்த பிள்ளைகள் சிலரும் சேர்ந்திருக்கிறார்கள். எங்கள் கண்ணுக்குத் தப்பியதை அவர்கள்தான் அதிகம் பிடிக்கிறார்கள். எரேமியாவின் வாக்கு நிறைவேறும்படி என்ற வார்த்தைகளோடு தொடங்கும் எஸ்றாவை அடுத்து எடுக்கப்போகிறோம். சேர விரும்பும் பழைய மாணவர்கள், எந்தச் சபையைச் சேர்ந்தவர்களானாலும், சங்கச் செயலாளரிடம் சொன்னால் போதும். முதல் மூன்று அதிகாரங்களைச் சத்தமாக ஒருமுறை வாசித்துவிட்டு வாருங்கள். மூன்றாம் அதிகாரத்தின் இறுதியில் முதியவர்கள் ஏன் அழுகிறார்கள் என்பதிலிருந்து தொடங்குவோம்.