போர்ட் ஹார்கோர்ட்டில் அப்பாவின் கைலி

மம்மி மூட்டையை அவிழ்த்து முதல் துணியை உதறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அரக்குச் சிவப்பும் கறுப்பும் கலந்த கட்டம், நடுநடுவே மெல்லிய வெள்ளை இழை. சாப்பிட்டுவிட்டு வாசல் திண்ணையில் காற்று வாங்கும்போது என் அப்பா கட்டியிருப்பாரே, அதே கைலி! அன்று மாலை ஒரு மாடல் அதைக் கட்டிக்கொண்டு, கழுத்து நிறையப் பவழத்தோடு மேடையேறப் போகிறாள் என்றார்கள்.

மம்மி எங்கள் கீழ் வீட்டுக்காரர். ஓய்வுபெற்ற ஆசிரியை, கலபாரி இனத்தவர். நைஜர் ஆற்றின் கழிமுகத்தில், நீருக்கும் சதுப்புக்கும் நடுவே ஊர் அமைத்துக்கொண்ட வணிகச் சமூகம் அது. தெரு முழுக்க அவரை மம்மி என்றுதான் கூப்பிடும். நைஜீரியாவில் இந்தப் போர்ட் ஹார்கோர்ட்டுக்கு வந்த நாலு வருஷத்தில் எனக்கும் அதே பழக்கம். அவருடைய பேத்தி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே மாடலிங் செய்கிறாள். போன டிசம்பரில் ஒரு ஹோட்டல் அரங்கில் பாரம்பரிய உடை, நகைக் காட்சி நடந்தது. 14 பெண்கள். துணி கட்டிவிட ஆள் போதவில்லை என்று மம்மி என்னையும் இழுத்துப்போனார். "தினமும் ஆறு கஜம் கட்டுகிறவள், உனக்கா தெரியாது?" என்றார். நான் சேலை கட்டுவது தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். அதை அவரிடம் சொல்லவில்லை.

அந்தக் கட்டம்போட்ட துணிக்குக் கலபாரியில் 'இஞ்சிரி' என்று பெயர். ஐரோப்பியக் கப்பல்கள் சோழமண்டலக் கரையிலிருந்து ஏற்றிப்போன மதராஸ் துணிதான் அது. பக்கத்து இக்போ மக்கள் இந்தியாவிலிருந்து வரும் துணியை 'ஜார்ஜ்' என்கிறார்கள். அவர்கள் வாயில் அது 'ஜோஜி'. நம் புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து வந்த பெயர் என்பதுதான் பலரும் சொல்லும் விளக்கம். எனக்கு உடனே பெருமை தலைக்கேறிவிட்டது. "மம்மி, இது எங்கள் ஊர்த் துணி!" என்றேன்.

அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. துணியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். பழைய இஞ்சிரியை வாசனையிலேயே கண்டுபிடித்துவிடுவார்களாம். போலியா அசலா என்று நாக்கில் வைத்துப் பார்க்கிறவர்களும் உண்டு. என்னிடமும் நீட்டினார். எனக்கு அந்துருண்டை வாசனைதான் வந்தது. அப்புறம் துணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அப்போதுதான் பார்த்தேன்: துணி முழுக்கச் சின்னச் சின்ன இடைவெளிகள். அந்த இடங்களில் மட்டும் வெள்ளை இழைகளைக் காணவில்லை. சல்லடை மாதிரி வெளிச்சம் உள்ளே வந்தது, அதிலும் ஒரு கோலம்.

"உங்கள் ஊரிலிருந்து வந்தது துணி. இது பெலெட்டே பீட்டே" என்றார்.

பெலெட்டே என்றால் வெட்டுவது, பீட்டே என்றால் துணி. நெய்து வந்த துணியில் வேண்டாத இழைகளை ஊசியால் லேசாகத் தூக்கி, பிளேடால் நறுக்கி, ஒவ்வொன்றாக உருவி எடுத்துவிடுகிறார்கள். பெண்கள் மட்டும் செய்யும் வேலை. சாயமில்லை, பூத்தையல் இல்லை, எதையும் சேர்ப்பதே இல்லை. இருப்பதிலிருந்து கழிக்கிறார்கள், அவ்வளவுதான். எங்கோ ஒரு தறியில் யாரோ போட்ட கட்டத்துக்குள் தங்களுக்கான கட்டத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். கெட்டியாக இருந்த துணி கடைசியில் வலை மாதிரி மெத்தென்று ஆகிவிடுகிறது. ஒரு துணிக்கு வாரக்கணக்கில் ஆகுமாம்.

என் பெருமை அங்கேயே கொஞ்சம் இறங்கியது. மீதியும் யோசிக்க யோசிக்க இறங்கியது. அந்த வியாபாரத்தில் துணிக்கு ஈடாக இந்தக் கரையிலிருந்து கப்பலேறியவர்கள் முதலில் மனிதர்கள். பாமாயில் அதற்குப் பிறகுதான். "எங்கள் ஊர்த் துணி" என்று குதித்தவள் அதை நினைத்துப் பார்த்திருக்க வேண்டாமா?

சரி, காட்சிக்கு வருகிறேன். மேடைக்குப் பின்னால் ஒரே அமளி. ஜெனரேட்டர் இரண்டு முறை நின்றது. பெனின் (நைஜீரியாவிலேயே உள்ள பழைய அரசு) மணப்பெண்ணாக வரவேண்டியவளின் தலையில் பவழத்தால் கோத்த 'ஒகுகு' என்ற கிரீடம் நிற்கவே மாட்டேன் என்றது. தோள்களை மூடும் பவழ வலை வேறு. பெனினில் பவழம் என்பது அரசச் சின்னம். 15ஆம் நூற்றாண்டில் ஆண்ட ஒபா (அரசர்) எவுவாரே அதைக் கடல் தெய்வமான ஒலோகுனிடமிருந்து கைப்பற்றினார் என்பது கதை. போர்த்துகீசியர்கள் மத்தியதரைக்கடல் பவழத்தைக் கொண்டுவந்து விற்றார்கள் என்பது வரலாறு. அந்தப் பெண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். "கழுத்து வலிக்கிறது ஆன்ட்டி" என்று மட்டும் சொன்னாள்.

காட்சி தொடங்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது மம்மியின் சொந்தப் பவழச் சரம் அறுந்தது. அறுத்தது நான்தான். பின்பக்கம் ஊக்கு குத்தும்போது என் வளையல் மாட்டிவிட்டது. மணிகள் தரையெங்கும் ஓடின. கவுன், கிரீடம் எல்லாவற்றோடும் பெண்கள் நாலு காலில் தவழ்ந்து தேடினார்கள். மம்மி திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, கையில் வந்த ஒவ்வொரு மணியையும் கன்னத்தில் ஒற்றிப் பார்த்து மடியில் போட்டுக்கொண்டார். அசல் பவழம் சில்லென்று இருக்கும், கனக்கும். மற்ற பெண்களின் பிளாஸ்டிக் மணிகளும் கலந்துவிட்டன அல்லவா, அதைப் பிரிக்கத்தான் இந்தச் சோதனை. 61 மணிகள். எண்ணி முடித்து, "எல்லாம் இருக்கிறது" என்றார். எனக்கு உயிர் வந்தது.

பேத்தி வந்தது 'இரியாபோ' கோலத்தில். குழந்தை பெற்ற பெண்ணைத் தனியே வைத்து, நன்றாகச் சாப்பாடு போட்டு, உடம்பைத் தேற்றி, ஊர் பார்க்க அலங்கரித்து அழைத்து வருவது கலபாரி வழக்கம். அதற்கான உடை முழங்காலோடு நிற்கும். துணிமேல் துணியாகச் சுற்றி இடுப்பைப் பெரிதாக்குவார்கள். பருமன்தான் அங்கே அழகு. மாடலோ ஒல்லிக்குச்சி! ஆறு துணி சுற்றியும் போதவில்லை. முன்வரிசையில் இருந்த மூதாட்டிகள், "இவளுக்கு வீட்டில் யாரும் சோறு போடுவதில்லையா?" என்று சத்தமாகவே கேட்டார்கள். அரங்கமே சிரித்தது.

அவள் சிரிக்கவில்லை, நிற்கவும் இல்லை. ஒத்திகையில் நடன ஆசிரியர் சொல்லிக்கொடுத்த பூனை நடையை அப்படியே விட்டுவிட்டாள். பாதத்தைத் தூக்காமல், சின்னச் சின்ன அடியாக, இடுப்பில் கனமிருப்பவள் எப்படி நடப்பாளோ அப்படி நடந்தாள். கேலி செய்த மூதாட்டிகளில் ஒருவர் எழுந்து போய் அவள் நெற்றியில் ஒரு நைரா நோட்டை ஒட்டினார். அப்புறம் இன்னொருவர். நல்ல மாடல் என்றால் துணியைக் காட்டுகிறவள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்தத் துணி கட்டியவளாகவே ஆகிவிடுவதற்கு உயரமும் எடையும் அவ்வளவு முக்கியமில்லை போலிருக்கிறது.

திரும்பும் வழியில் மம்மி அக்பானி டரேகோவைப் பற்றிப் பேசினார். 2001இல் உலக அழகிப் பட்டம் வென்றவர். பிரியங்கா சோப்ரா தன் கிரீடத்தை எடுத்துச் சூட்டியது இவருக்குத்தான். அந்தப் பட்டத்தைப் பெற்ற முதல் கறுப்பின ஆப்பிரிக்கப் பெண். அபொன்னெமாக்காரர், கலபாரி ஊர். "உலகமே அழகி என்றது, எங்கள் கிழவிகள் மட்டும் இன்னும் கொஞ்சம் சாப்பிடலாம் என்றார்கள்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அன்று இரவே அப்பாவுக்கு வீடியோ அழைப்பில் பெலெட்டே பீட்டேயைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "நல்ல கைலியை இப்படி எலி கடிச்ச மாதிரி பண்ணி வச்சிருக்காங்களே" என்றார். வரிசையாகக் கழிந்திருக்கும் இழைகளைக் கிட்டத்தில் காட்டினேன். பேச்சே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இது எலி இல்லை" என்றார்.

போன வாரம் அவருடைய பழைய கைலி ஒன்றில் நானே முயன்று பார்த்தேன். ஊசி, புது பிளேடு, மம்மியின் மேற்பார்வை. ஒன்றரை மணி நேரத்தில் மூன்று கட்டம் முடிந்தது. நாலாவதில் வேண்டிய இழையையும் சேர்த்து நறுக்கிவிட்டேன், துணி அப்படியே வாய் பிளந்தது. மம்மி வாங்கிப் பார்த்துவிட்டு, முதல் மூன்றைப் பற்றியும் ஒன்றும் சொல்லாமல் மடித்துக் கொடுத்தார். இப்போது அது எங்கள் வீட்டுத் தண்ணீர்க் குடத்துக்கு மூடு துணியாக இருக்கிறது.