காற்றாலையில் பத்துப் பங்கு: டென்மார்க்கில் ஓர் அயலவனின் அனுபவம்

டென்மார்க்கின் பெருநிலப் பகுதியான யூலண்டின் நடுவில் நாங்கள் வசிக்கும் ஊருக்கு வெளியே, வயல்வெளியின் நடுவில் மூன்று காற்றாலைகள் அமையவிருப்பதாக, 2013ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எங்கள் கொம்யூன், அதாவது உள்ளூராட்சி மன்றம், கடிதம் அனுப்பியது. இணைக்கப்பட்டிருந்த வரைபடத்தில் எங்கள் வீடு ஏறத்தாழ 1,400 மீட்டர் தள்ளி இருந்தது. ஒவ்வொரு காற்றாலையின் உயரமும் 149.9 மீட்டர் என்று எழுதப்பட்டிருந்ததை முதலில் அச்சுப்பிழை என்றே நினைத்தேன். 150 மீட்டரை எட்டினால் விமானங்களுக்கான எச்சரிக்கை விளக்குகள் பற்றிய விதிகள் கடுமையாகிவிடும் என்பதாலேயே பத்து சென்ரிமீட்டரைக் குறைத்திருக்கிறார்கள் என்பது பின்னர்தான் விளங்கியது.

காற்றாலை இந்த நாட்டவருக்குப் புதிதல்ல. ஆஸ்கோவ் என்னும் சிற்றூரில் பவுல் லா கூர் என்ற ஆசிரியர் 1891இலேயே காற்றிலிருந்து மின்சாரம் எடுத்துப் பரிசோதித்திருக்கிறார். 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, விவசாய இயந்திரங்கள் செய்துவந்த சிறு தொழிற்சாலைகள் இத்துறைக்குள் இறங்கின. டென்மார்க்கில் வாழும் எங்கள் தமிழர்கள் அபிராமி அம்மன் கோவிலுக்காகவே அறிந்து வைத்திருக்கும் பிராண்ட என்ற ஊரில், நீர்ப்பாசனக் கருவிகள் தயாரித்த குடும்பம் ஒன்று 1980இல் தொடங்கிய காற்றாலைத் தொழில்தான் பின்னாளில் சீமென்ஸ் நிறுவனத்தின் கைக்குப் போனது. ஆனால் அந்த ஆலைகளை வாங்கி வயல்களில் நட்டவர்களில் பெரும்பாலோர் பெருநிறுவனத்தார் அல்லர். அயலவர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து பணம் போட்டே நட்டார்கள். ஒரு கட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் காற்றாலைப் பங்காளிகளாக இருந்தன. பின்னர் ஆலைகள் பெருத்து, பணம் படைத்தவர்கள் மட்டுமே கட்டக்கூடியவையாக மாறியபோது, அயலவர்களிடையே எதிர்ப்பு வளர்ந்தது. அந்த எதிர்ப்பைத் தணிப்பதற்காகவே 2009இல் நடைமுறைக்கு வந்த சட்டம், புதிய காற்றாலையின் உரிமையில் குறைந்தது 20 விழுக்காட்டை அயலில் வசிப்போருக்கு அடக்கவிலையில் விற்க முன்வர வேண்டும் என்று விதித்தது. வீட்டின் பெறுமதி குறைந்தால் இழப்பீடு கேட்கும் உரிமையையும் அதே சட்டம் தந்தது.

இழப்பீடு பற்றி விளக்கும் கூட்டம் ஊர் மண்டபத்தில் நடந்தது. கோப்பி, கேக் எல்லாம் வழக்கம்போல் இருந்தபோதிலும் முகங்கள் இறுகியிருந்தன. ஆலையிலிருந்து 700 மீட்டரளவில் மாட்டுப்பண்ணை வைத்திருக்கும் எங்கள் அயலவர், சட்டப்படியான ஆகக் குறைந்த தூரம் ஆலை உயரத்தின் நான்கு மடங்குதானே, அதை வகுத்தவர்கள் அங்கே படுத்து உறங்கிப் பார்த்தார்களா என்று கேட்டார். வினாடிக்கு எட்டு மீட்டர் காற்றில் நாட்டுப்புற வீட்டின் வெளிப்புறத்தில் 44 டெசிபலுக்கு மேல் இரைச்சல் கேட்கக்கூடாது என்ற விதியை அதிகாரி வாசித்துக் காட்டினார். அது கேள்விக்கான பதிலாக இல்லை. அந்த அயலவரின் வீடு ஆலை உயரத்தின் ஆறு மடங்கு தூரத்துக்குள் இருந்ததால் அவர் கட்டணமின்றி விண்ணப்பித்தார். சட்டத்தரணி ஒருவரும் சொத்து மதிப்பீட்டாளர் ஒருவரும் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். சில மாதங்களில் இழப்பீடும் கிடைத்தது. நாங்களோ அந்த எல்லைக்கு வெளியே இருந்ததால் 4,000 குரோணர் கட்ட வேண்டும். இழப்பு உறுதியானால் மட்டுமே அது திரும்பக் கிடைக்கும், இழப்பு ஒரு விழுக்காட்டைத் தாண்டாவிட்டால் எதுவும் கிடைக்காது. சமையலறை யன்னலிலிருந்து ஆலைகள் தெரியாது என்பதையும் எண்ணிப் பார்த்து, அந்த வழியை விட்டுவிட்டோம்.

பங்கு விற்பனைக்கான அறிவித்தல் 2014 இலையுதிர்காலத்தில் உள்ளூர்ப் பத்திரிகையில் வந்தது. 4.5 கிலோமீற்றருக்குள் பதிவு செய்து வசிக்கும், 18 வயது நிறைந்த எவருக்கும் 50 பங்குகள் வரை முன்னுரிமை உண்டு, மிஞ்சுபவை கொம்யூனில் வசிக்கும் ஏனையோருக்குப் போகும் என்றது அது. ஒரு பங்கு என்பது ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 கிலோவாட் மணி மின்சாரத்துக்கு ஒப்பானது. எங்களுக்குச் சொல்லப்பட்ட விலை 4,000 குரோணருக்குச் சற்றுக் குறைவு.

உண்மையான சிரமம் பங்கு விற்பனையின் விவரண ஏட்டை வாசிக்கும்போதுதான் தொடங்கியது. நிறுவனம் ‘இன்ரரெசென்ட்ஸ்காப்’ என்ற கூட்டாண்மை வடிவில் அமைந்திருந்தது. அதில் ஒவ்வொரு பங்காளியும் முழுக் கடனுக்கும் தன் சொந்தச் சொத்தால் பொறுப்பு. இருபது ஆண்டுகள் சேமித்துக் கட்டிய வீட்டை வைத்துக்கொண்டு இப்படியொரு தாளில் கையொப்பமிடுவதா என்று இரண்டு வாரங்கள் தூக்கமில்லை. வங்கியில் கேட்டேன், தெரிந்த கணக்காளரிடமும் கேட்டேன். கூட்டாண்மை கடன் வாங்கக்கூடாது என்று அதன் யாப்பில், அதாவது விதிமுறை ஆவணத்தில், எழுதியிருக்கிறதா, ஆலை உடைந்து பிறருக்குச் சேதம் விளைந்தால் ஈடுசெய்யும் காப்புறுதி இருக்கிறதா என்ற இரண்டையும் பார்த்தால் போதும் என்றார் கணக்காளர். இரண்டும் இருந்தன. வரையறுத்த பொறுப்புள்ள நிறுவனமாக ஏன் அமைக்கவில்லை என்ற என் கேள்விக்கும் அவரே விடை தந்தார். தனியாள் நேரடியாகப் பங்கு வைத்திருந்தால் ஆண்டுக்கு 7,000 குரோணர் வரையான மொத்த வருமானத்துக்கு வரி இல்லை, அதற்கு மேற்பட்ட தொகையில் 60 விழுக்காட்டுக்கு மட்டுமே வரி. அந்தச் சலுகை கம்பனி வடிவில் கிடைக்காது. ஒரு கிலோவாட் மணிக்கு எந்த நிலையிலும் 60 சதத்துக்கு (நூறு சதம் ஒரு குரோணர்) மேல் வராது என்று அப்போது எல்லோரும் நம்பியதால், வருமானம் அந்த 7,000 குரோணருக்குள் நிற்கும்படி தலைக்குப் பத்துப் பங்கு என்று முடிவு செய்தோம்.

விண்ணப்பம் ஒருமுறை திரும்பி வந்தது. நானும் மனைவியும் ஒரே படிவத்தில் இருபது பங்கு கேட்டிருந்தோம். உரிமை வீட்டுக்கு அல்ல, ஆளுக்கு என்பதால் தனித்தனியாக எழுத வேண்டுமாம். மகளின் பெயரிலும் கேட்கலாம் என்ற ஆசையும் கைகூடவில்லை. அவள் படிப்புக்காக ஓகூஸ் நகரில் பதிவு செய்திருந்தாள். திருத்திய இரு படிவங்களையும் வங்கி உத்தரவாதத்துடன் கடைசி நாளுக்கு முந்திய நாள் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கேட்டவர்கள் குறைவாக இருந்ததால் கேட்ட அத்தனையும் கிடைத்தன.

2015 வசந்தத்தில் ஆலைகள் சுழலத் தொடங்கின. அந்த ஆண்டு டென்மார்க்கின் மின் நுகர்வில் 42 விழுக்காடு காற்றிலிருந்து வந்தது என்று செய்திகளில் பெருமையாகச் சொன்னார்கள். அதே காற்று எங்கள் வருமானத்தைக் குறைத்தது என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை. பலமாக வீசும் நாளில் நாட்டின் எல்லா ஆலைகளும் ஒன்றாக உற்பத்தி செய்வதால் சந்தை விலை விழுந்துவிடும். மேற்கு டென்மார்க்கில் அவ்வாண்டின் சராசரி விலை கிலோவாட் மணிக்கு 17 சதமளவில் இருந்தது. அரசு தந்த 25 சத ஊக்கத்தொகை இல்லாவிட்டால் பராமரிப்புச் செலவுபோக ஒன்றும் மிஞ்சியிராது. விவரண ஏட்டில் வரைந்திருந்த விலைக்கோடு வேறு விதமாக ஏறிக்கொண்டு போனது என்பதை அதை மறுபடி எடுத்துப் பார்த்தபோதுதான் கவனித்தேன். மாறாக 2022இல் எரிவாயு நெருக்கடியால் விலை பல மடங்காகி, முதல் தடவையாக 7,000 குரோணர் எல்லையைத் தாண்டி வரி கட்டினோம்.

ஆண்டுக் கூட்டம் அதே ஊர் மண்டபத்தில்தான். டென்மார்க்கின் முதல் கூட்டுறவுப் பாற்பண்ணை 1882இல் யெடிங் என்ற ஊரில் தொடங்கிய காலத்திலிருந்து இங்கே ஒரு வழக்கு உண்டு: வாக்கு ஆட்களின் தலைக்கு, மாடுகளின் தலைக்கு அல்ல. எங்கள் கூட்டாண்மையிலோ வாக்கு பங்குகளின்படி எண்ணப்பட்டது. ஆலைகளைக் கட்டி 80 விழுக்காட்டை வைத்திருந்தவர் கை உயர்த்தினால் மற்றக் கைகளை எண்ண வேண்டிய தேவையே இல்லை. இதைச் சுட்டிக்காட்டி நான் ஒருமுறை பேசியபோது, பங்கு வாங்காமல் இழப்பீடு மட்டும் பெற்ற மாட்டுப்பண்ணை அயலவர் பின்வரிசையில் பார்வையாளராக அமர்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார்.

2020 யூன் முதல் இந்தக் கொள்வனவு உரிமை நீக்கப்பட்டுவிட்டது. புதிய ஆலைகளுக்கு அருகில் வசிப்போருக்கு இப்போது பங்குக்குப் பதிலாக ஆண்டுதோறும் ஒரு தொகை கிடைக்கிறது. படிவமும் இலகு, முழுக் கடனுக்குப் பொறுப்பேற்கும் பயமும் இல்லை. கூட்டத்துக்குப் போய்க் கேள்வி கேட்கும் உரிமையும் இல்லை. எங்கள் இருபது பங்குகள் இன்னும் எங்களிடமே உள்ளன.