பனியில் ஒரு கருஞ்சிறுத்தை

2024 கோடையில் நியூயார்க்கில் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு ஓய்வு நாள். காலையிலேயே சென்ட்ரல் பார்க்கின் மேற்கு ஓரத்தில் இருக்கும் நியூயார்க் வரலாற்றுச் சங்கத்துக்குப் போனேன், அமெரிக்கப் பறவைகளை வரைந்த பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியர் ஆடுபனின் படைப்புகளைப் பார்க்க. 1827 முதல் 1838 வரை அவர் வெளியிட்ட ‘பேர்ட்ஸ் ஆஃப் அமெரிக்கா’வில் 435 படங்கள், ஒவ்வொரு பறவையும் உண்மையான அளவில். அவற்றுக்காக அவர் வரைந்த நீர்வண்ண ஓவியங்களை 1863இல் அவர் மனைவியிடமிருந்து இந்தச் சங்கம் வாங்கியது. ஆடுபன் பறவையைச் சுட்டு, கம்பி கோத்துப் பலகையில் நிறுத்தி, அப்புறம்தான் வரைவார். அது தெரிந்தபின் அந்த இறகுகளின் அழகைப் பார்க்கும்போது மனம் கனத்துப்போகிறது.

அங்கிருந்து ரயிலேறி 34ஆம் தெருவில் இறங்கி, மேடிசன் அவென்யூவில் உள்ள மார்கன் நூலகத்துக்கு நடந்தேன். வால்டன் ஃபோர்டின் கண்காட்சி அங்கேதான். 1960இல் பிறந்த அமெரிக்க ஓவியர். எட்டி நின்று பார்த்தால் ஆடுபன் காலத்துப் படமேதான்: அதே நீர்வண்ணம், அதே நுணுக்கம், பழைய கையெழுத்தில் குறிப்புகள், தாள் ஓரத்தில் வரைந்தே கொண்டுவந்த பழுப்புக் கறை. கிட்டே போனால்தான் படத்துக்குள் ஏதோ நடந்துகொண்டிருப்பது தெரியும்.

அவர் நூலகத்துக்குக் கொடுத்த 63 ஆயத்த ஓவியங்களை வைத்து அமைந்த கண்காட்சி இது. என்னை நிறுத்திவைத்தது சூரிச் கருஞ்சிறுத்தை. 1933 அக்டோபரில் அங்குள்ள விலங்குக்காட்சிசாலையிலிருந்து தப்பிய பெண் சிறுத்தை. சுவிட்சர்லாந்தின் குளிரில் சுமார் பத்து வாரம் தன்னந்தனியாகத் தாக்குப்பிடித்தது. கடைசியில் ஒரு கூலித் தொழிலாளி அதைக் கொன்று, தின்றும்விட்டார். நம் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் இரவில் வந்துபோகும் அதே இனம். காட்டு இருட்டில் கண்ணுக்கே தெரியாத அந்தக் கருப்பு, வெண்பனியில் எங்கே போய் ஒளியும்?

ஃபோர்டும் உயிரில்லாத உடல்களைப் பார்த்து வரைகிறவர்தான். இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைத்த விலங்குகளின் முன் உட்கார்ந்து வரைவார். ஆனால் அந்த விலங்கை நாம் என்ன செய்தோம் என்பதை அவர் படத்துக்கு வெளியே விடுவதில்லை. அந்த நேர்மைக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

அந்த அருங்காட்சியகம் காலையில் நான் போன சங்கத்துக்குத் தெரு தாண்டினால் இருக்கிறது. சரி, நேரம் இருக்கிறதே என்று திரும்பவும் ரயிலேறினேன். ஆசிய விலங்குகளின் கூடத்தில், கண்ணாடிக்குப் பின்னால் சிறுத்தை. குனிந்து அதன் முகத்துக்கு நேராக என் முகத்தை வைத்துப் பார்த்தேன். அதன் கண்களும் கண்ணாடிதான். மூடும் நேரம் என்று காவலர் வந்து சொல்லும்வரை அங்கேயே நின்றிருந்தேன்.