பிள்ளையை யாரிடம் விட்டுப் போவது?

எங்கள் தெரு அக்கா ஒருவர் சின்ன பனியன் யூனிட்டில் டெய்லர். ஒன்றரை வயதுப் பிள்ளையைத் தனியார் காப்பகத்தில் விடுகிறார், சம்பளத்தில் பாதி அதற்கே சரியாகிவிடுகிறது. அங்கன்வாடியில் சேர்க்க இரண்டு வயதாக வேண்டும். அப்படியே சேர்த்தாலும் சாயங்காலமே பூட்டிவிடுவார்கள், இவருக்கு ஷிப்ட் முடிய இரவு எட்டாகும்.

50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் கட்டாயம், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்று 2017-லேயே மகப்பேறு சட்டத்தைத் திருத்தினார்கள். சரி, பதினைந்து பேர் வேலை பார்க்கும் யூனிட்டுக்கு? ஒன்றிய அரசின் பால்னா என்ற குழந்தைக் காப்பகத் திட்டத்தில் ஆறு மாதக் குழந்தையையே சேர்க்கலாம். அந்தக் காப்பகம் எங்கள் தெருவுக்கும் வர வேண்டும், ஷிப்ட் முடியும்வரை திறந்திருக்க வேண்டும். வார்டு கவுன்சிலரிடம் மனு கொடுக்கப் போகிறோம், கையெழுத்துப் போட வாருங்கள்.