புதுப் பிடி போட்ட கத்தி

கத்தி நன்றாகத்தான் வெட்டும், பிடிதான் பிடிக்காது. அதை மாற்ற ஒரு காலைப்பொழுது போதும் என்று உட்காருகிறவர், மறுநாள் சாயங்காலம் மூக்கு நுனியில் எபாக்சிப் பசையோடு எழுந்திருப்பார்.

மடங்காத கத்தியில் பிடி மாற்ற எளிதானது, எஃகு கடைசிவரை ஓடி, இருபுறமும் பட்டைகள் வைத்துக் குறுக்கே ஆணி அடித்த வகை. எஃகின் வால் மட்டும் பிடிக்குள் புதைந்திருந்தால், அதை முதல் கத்தியாக எடுக்காதீர்கள்.

முதலில் அலகுக்கு அட்டை வைத்து மாஸ்கிங் டேப் சுற்றுங்கள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறவர்கள் விரலில் பேண்டேஜ் சுற்றுவார்கள். எப்படியும் ஏதோ ஒன்றைச் சுற்றித்தான் ஆக வேண்டும்.

ஸ்க்ரூ போட்ட பிடி என்றால் பாக்கியம். ஆணி என்றால் தலையின் நடுவில் டிரில் போட்டுத் தட்டி எடுக்க வேண்டும். பட்டை வரவில்லையா? பிடியைக் கொஞ்சம் சூடாக்கினால் பழைய எபாக்சி இளகும். ஆனால் உற்சாகத்தில் கேஸ் அடுப்பில் காட்டாதீர்கள். கார்பன் ஸ்டீல் 200 டிகிரி தாண்டினால் வைக்கோல் மஞ்சளாகும், 300 பக்கம் போனால் நீலமாகும். நீலம் பார்க்க அழகுதான். அலகில் அது ஏறியிருந்தால் பதம் போய்விட்டது என்று அர்த்தம்.

புதுப் பட்டைக்கு 8 மில்லிமீட்டர் கனமுள்ள, நன்கு காய்ந்த மரம் போதும். ஈர மரம் பிறகு சுருங்கி, எஃகு வெளியே துருத்தும். ஒரு பட்டையை எஃகோடு கிளாம்ப் போட்டு, எஃகிலுள்ள துளை வழியாகவே மரத்தில் துளையிடுங்கள். முதல் துளையில் ஆணியைச் செருகி நகராமல் நிறுத்திவிட்டு மற்றத் துளைகளைப் போடுங்கள்; பிறகு அந்தப் பட்டையைக் கழற்றிவிட்டு, இரண்டாவதையும் இப்படியே துளையுங்கள். இரண்டையும் தனித்தனியே அளந்து துளைத்தால் ஆணி ஒருபக்கம் நுழையும், மறுபக்கம் கோபித்துக்கொள்ளும்.

எல்லோரும் மறக்கிற இடம் ஒன்று உண்டு: பட்டைகளின் முன்முகம், அலகைப் பார்த்தபடி நிற்கும் அந்தக் குட்டிச் சரிவு. இரண்டு பட்டைகளையும் அதே ஆணிகளில் சேர்த்துக் கோத்து, அதை அரத்தால் ஒன்றாக்கி, 400 எண் உப்புத்தாள்வரை (எண் கூடக் கூடத் தாள் நைசு) தேய்த்துப் பளபளப்பாக்கிய பிறகே பசையைத் தொடுங்கள். ஒட்டியபின் அங்கே தாள் போட்டால் மரத்தைவிட அலகில்தான் அதிகம் கோடு விழும்.

பசையில் 5 நிமிட எபாக்சி வேண்டாம். இரண்டாவது ஆணி பாதி இறங்கும்போதே அது கல்லாகிவிடும், சுத்தியல் தேடுவதற்குள் கதை முடியும். 24 மணி நேரத்தில் இறுகுவதை வாங்கி, அதன் இரண்டு பாகங்களையும் டப்பாவில் போட்டிருக்கும் விகிதத்தில் கலக்குங்கள். கெட்டியாக்கும் பாகத்தைக் கூடுதலாக விட்டால் சீக்கிரம் காயும் என்பது பரவலான நம்பிக்கை. காயவே காயாமல் பிசுபிசுத்துக்கொண்டிருக்கும். ஒட்டும் முகங்களை 80 தாளால் சொரசொரப்பாக்கி அசிட்டோனால் துடைத்துவிடுங்கள், அதன்பின் விரல் படக்கூடாது. கிளாம்பை வெறியோடு முறுக்கினால் பசை முழுக்கப் பிதுங்கி, ஒட்ட ஒன்றும் மிஞ்சாது. முன்முகத்தில் வழிந்ததை அசிட்டோனில் நனைத்த பஞ்சுக்குச்சியால் உடனே எடுங்கள். இறுகியபின் அது வருவதற்குள் மெருகும் போய்விடும்.

தேய்ப்பது 80, 120, 220, 400 என்று வரிசையாக. முகமூடி கட்டாயம்; சில மரங்களின் தூள் ஒவ்வாமை தரும். இயந்திரத்தில் தேய்த்தால் பித்தளை ஆணி சூடேறிச் சுற்றியுள்ள பசையை இளக்கும், ஆகவே அடிக்கடி தொட்டுப் பாருங்கள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தேய்த்தால் கடைசியில் கையில் ஐஸ்குச்சிதான் மிஞ்சும்.

ஆளி விதை எண்ணெய் பூசினால், துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். இது வேடிக்கை இல்லை: தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள்.

அலகுக்கு வினிகர் தடவிச் சாம்பல் நிறம் ஏற்றும் ஆசை கார்பன் ஸ்டீலுக்கு மட்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை ராத்திரி முழுக்க வினிகரில் ஊறப்போட்டால் காலையில் வீடுதான் நாறும்.

தீட்டுவது கடைசி. டேப்பை முதுகுப் பக்கத்திலிருந்து உரியுங்கள், கூர்ப் பக்கமாக இழுக்காதீர்கள். அட்டை கழன்று வரும்போது விரலும் கூடவே போகும்.