யாருக்கு நல்லது?

"நீங்கள் சொன்னது நல்லதுதான்" என்றேன். "யாருக்கு?" என்று கேட்டார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. நடந்தது அவ்வளவுதான். அதற்கப்புறம் எத்தனையோ பேர் என் எதிரில் உட்கார்ந்து எழுந்து போய்விட்டார்கள். இந்த ஒரு வார்த்தை மட்டும் போகமாட்டேன் என்கிறது.

ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையெல்லாம் மாற்றித்தான் எழுதுகிறேன். நியூ ஜெர்சியில் பெட்ரோல் டேங்கர் ஓட்டியவர். ரேண்டம் சோதனையில் கஞ்சா பாசிட்டிவ். அன்றே வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள், அந்த வாரமே வேலையும் போனது. கிளியரிங்ஹவுஸ் என்று ஓட்டுநர்களின் போதைச் சோதனை விவரங்களை வைத்திருக்கும் அரசுப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே 'தடை' என்று ஏறிவிட்டது. அது ஏறிவிட்டால் நாட்டில் எந்தக் கம்பெனியும் அவரைச் சாலையில் இறக்க முடியாது. 2024 நவம்பருக்குப் பிறகு மாநிலமே சி.டி.எல். என்ற கனரக வாகன உரிமத்தையும் சாதாரண உரிமமாக இறக்கிவிடுகிறது. மறுபடி ஓட்ட வேண்டுமென்றால் என்னைப் போன்ற ஒரு எஸ்.ஏ.பி.யை, அதாவது போதைப் பழக்கத்தை மதிப்பிட்டுச் சிகிச்சை பரிந்துரைப்பவரை, பார்க்க வேண்டும். கட்டணம் பெரும்பாலும் அவர்கள் கைக்காசு. வேலை போன மனிதரிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு பேச்சைத் தொடங்குவதில் உள்ள கூச்சம் எனக்கு இன்னும் போகவில்லை.

நான் டாக்டர் இல்லை, உரிமம் பெற்ற சமூகப் பணியாளர். முதலிலேயே அதைச் சொல்லிவிடுவேன். அப்புறமும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். சோதனை முடிவை என்னால் மாற்ற முடியாது என்றும் சொல்லிவிடுவேன். அதையும் யாரும் நம்புவதில்லை. உட்கார்ந்ததும் முதலில் வருவது சாக்குதான். இதில் வேடிக்கை என்னவென்றால், 49 சி.எஃப்.ஆர். பகுதி 40 என்ற கூட்டாட்சி விதியிலேயே இந்தச் சாக்குகளை வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்கள்: ஹெம்ப் எண்ணெய், மருத்துவக் கஞ்சா, பக்கத்தில் யாரோ இழுத்த புகை, கசகசா, வேலை அழுத்தம். இவற்றில் எதைச் சொன்னாலும் மதிப்பீட்டில் கணக்கில் எடுக்கக்கூடாது. கசகசா போட்டு குருமா வைக்கும் வீட்டில் பிறந்தவள் நான். அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் சிரிப்பு வரும்.

இவரும் சாக்கில்தான் ஆரம்பித்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு ரசீதை எடுத்து மடிப்பை நீவி என் மேசையில் வைத்தார். ஊரில் உரிமத்தோடு நடக்கும் கஞ்சாக் கடையின் ரசீது. விற்பனை வரி தனி வரியாக அச்சாகியிருந்தது. "வரி கட்டி வாங்கினேன், டாக்டர். நான் என்ன சந்துல போயா வாங்கினேன்?" என்றார். இங்கே பெரியவர்களுக்குக் கடையில் விற்பது 2022 ஏப்ரலில் தொடங்கியது. ஆனால் மாநிலச் சட்டம் என்ன சொன்னாலும் லாரி, பஸ், ரயில், விமானம் ஓட்டுகிறவர்களுக்குப் கூட்டாட்சிப் போக்குவரத்துத் துறையின் விதிதான். அதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ரசீதைத் திரும்ப மடித்துப் பைக்குள் வைத்தார்.

சரி, தூக்கம் எப்படி என்று கேட்டேன். எல்லாரிடமும் கேட்கும் கேள்விதான். அதில்தான் திறந்துகொண்டார். வருஷக்கணக்காக இரவு ஷிப்ட். பெட்ரோல் பங்குகளுக்கு ராத்திரியில்தான் சரக்கு இறக்க வேண்டும். விடிந்து வீட்டுக்கு வந்தால் தூக்கம் பிடிக்காது. முதலில் கஞ்சா கலந்த ஜெல்லி மிட்டாய் ஒன்று. அது போதாமல் இரண்டு. அப்புறம் வேப். விடுமுறை நாளில் காலையிலேயே. மகள் வீட்டுக்குப் போனபோது நிறுத்திப் பார்த்திருக்கிறார். மூன்றாம் இரவு உடம்பெல்லாம் வேர்த்து, பேரனிடம் எரிந்து விழுந்து, மறுநாளே ஊர் திரும்பிவிட்டார். நண்பர்களோடு சனிக்கிழமை பவுலிங் போவதும் எப்போதோ நின்றுவிட்டது. "போதையோட வண்டியில ஏறினதே இல்ல" என்று இரண்டு முறை சொன்னார். நான் அதை நம்பினேன். ஆனால் நான் நம்புவதற்கு அந்தப் படிவத்தில் இடம் கிடையாது.

அவர் பேசப் பேச என் தலைக்குள் இன்னொரு வேலை நடந்துகொண்டிருந்தது. மனநலக் கோளாறுகளைக் கண்டறிய நாங்கள் வைத்திருக்கும் டி.எஸ்.எம். கையேட்டில் போதைப் பழக்கத்துக்குப் பதினொரு அறிகுறிகள். இரண்டு மூன்று இருந்தால் லேசானது, நான்கைந்து நடுத்தரம், ஆறோ அதற்கு மேலோ இருந்தால் தீவிரம். அளவு கூடியது ஒன்று. நிறுத்த முயன்று தோற்றது ஒன்று. நிறுத்தியதும் வேர்வையும் எரிச்சலும் ஒன்று. பவுலிங்கை விட்டது ஒன்று. மனிதர் தன் வாழ்க்கையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார், நான் விரல் மடக்கிக்கொண்டிருக்கிறேன். இதில் தப்பு இல்லை. இதற்குத்தான் சம்பளம். கேட்டுவிட்டு எண்ணாமல் விட்டிருந்தால்தான் தப்பு.

ஐ.ஓ.பி. எழுதினேன். மருத்துவமனையில் தங்காமல் வாரத்துக்கு ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாமல் போய்வர வேண்டிய சிகிச்சை. அது முடிந்து என்னிடம் மறுபடி வந்து நான் சரி என்றால் பணிக்குத் திரும்பும் சோதனை. வேலை கிடைத்த பிறகு முதல் 12 மாதத்தில் குறைந்தது ஆறு முறை, தேவைப்பட்டால் 5 வருஷம் வரை தொடர் சோதனைகள். எத்தனை என்பதை ஓட்டுநருக்குக் காட்டக்கூடாது. அவர் கையில் கொடுக்கும் பிரதியில் அந்தப் பகுதியை மறைத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். இவருக்கு ஆறோடு நிறுத்தவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு ஆள் எதிரில் நின்று பார்ப்பார். சட்டையை இடுப்புக்கு மேல் தூக்கி, கால்சட்டையை இறக்கி, ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டுத்தான் சிறுநீர் கொடுக்க வேண்டும். அறுபதை நெருங்கும் மனிதர். இதை விளக்கும்போது என் நோட்டைப் பார்த்துக்கொண்டே விளக்கினேன்.

அதே வாரம் இன்னொருவர் வந்தார். அவருக்கும் கஞ்சாதான். ஒரு கல்யாண விருந்து, யாரோ கொடுத்த மிட்டாய், என்னவென்றே தெரியாது, வாழ்க்கையில் முதல் தடவை. எந்தக் கேள்வியை எந்தப் பக்கம் திருப்பிக் கேட்டாலும் அதே பதில், அதே வரிசையில். தூக்கம்? நன்றாகத் தூங்குகிறேன். மனைவி? சந்தோஷம். சிறுநீரில் இருந்த அளவு என்ன என்று எம்.ஆர்.ஓ.வை, அதாவது சோதனை முடிவைச் சரிபார்க்கும் டாக்டரை, கூப்பிட்டுக் கேட்டேன். கம்பெனிக்குச் சொல்லக்கூடாத அந்த எண்ணை எங்களிடம் சொல்லலாம். உறுதிச் சோதனையில் மில்லிலிட்டருக்கு 15 நானோகிராமை எட்டினாலே பாசிட்டிவ். இவருடையது அதைவிட எங்கேயோ மேலே இருந்தது. ஒரே ஒரு மிட்டாய்க்கு அவ்வளவு ஏறுமா என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனால் அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவரை நோயாளி என்று எழுத முடியாது. எத்தனை நாள் பழக்கம் என்று அது சொல்லாது. வாய்தான் சொல்ல வேண்டும். வாய் சொல்லவில்லை. ஒன்றுமே வேண்டாம் என்று விட்டுவிட விதி அனுமதிக்காது. குறைந்தபட்சம் கல்வி வகுப்பாவது எழுதியாக வேண்டும். அதை எழுதினேன். சில நாள் வகுப்பு, குறைந்தபட்சச் சோதனைகள். விஷயம் சீக்கிரம் முடிந்தது.

டேங்கர்காரருக்கு அந்த இன்னொருவரைப் பற்றி எதுவும் தெரியாது. ஆனாலும் எழுந்து கிளம்பும்போது கதவருகே நின்று கேட்டார்: "டாக்டர், அந்தத் தூக்கம் விஷயத்தை நான் சொல்லாம இருந்திருந்தா?"

அப்போதுதான் நான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

ஆமாம், குறைவாகத்தான் எழுதியிருப்பேன் என்பதுதான் உண்மையான பதில். அதைச் சொல்லியிருந்தால்? அந்த வாரக் கடைசிக்குள் டர்ன்பைக் என்ற சுங்க நெடுஞ்சாலையில் இருக்கும் ஓய்விடங்களிலெல்லாம் செய்தி பரவியிருக்கும். எஸ்.ஏ.பி.யிடம் வாயைத் திறக்காதே. அதன் பிறகு என்னிடம் வருகிற ஒவ்வொருவரும் அந்த மிட்டாய்க் கதையை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வருவார்கள். இல்லை, அப்படியும் இதேதான் என்று சொல்லியிருந்தால் அது பச்சைப் பொய். நான் சொன்னது இரண்டும் இல்லாத ஒன்று. அது உண்மையும்கூட. சிகிச்சை அவருக்குத் தேவைப்பட்டது, அதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் இல்லை. ஆனால் அவர் கேட்டது சிகிச்சையைப் பற்றி இல்லையே. விலையைப் பற்றி.

யாருக்கு என்பதற்கு எங்கள் பயிற்சியில் தயாராக ஒரு பதில் இருக்கிறது. நாங்கள் தொழிலாளி பக்கமும் இல்லை, முதலாளி பக்கமும் இல்லை, சாலையில் போகிற பொதுமக்கள் பக்கம். 1987 ஜனவரி 4 அன்று மேரிலாந்தில் சேஸ் என்ற இடத்தில் சரக்கு ரயிலின் எஞ்சின்கள் சிக்னலைத் தாண்டி வந்து ஆம்ட்ராக் பயணி ரயிலின் பாதையில் நின்றன. 16 பேர் செத்தார்கள். எஞ்சின் ஓட்டியவர்கள் கஞ்சா பிடித்திருந்தார்கள். 1991இல் நியூயார்க் யூனியன் ஸ்கொயரில் குடித்துவிட்டு ஓட்டியவரின் சுரங்க ரயில் தடம்புரண்டு 5 பேர். அந்த வருஷமே சட்டம் வந்தது. எங்கள் வேலையே அந்தச் சட்டத்திலிருந்து பிறந்ததுதான். டேங்கரில் இருப்பது பால் இல்லை, பெட்ரோல். இதையெல்லாம் எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டாயிற்று. ஆனால் இதே கணக்கைப் போட்டால் பொதுமக்களுக்கு யார் ஆபத்து? பழக்கத்தைச் சொல்லி சிகிச்சைக்குப் போனவரா, சொல்லாமல் வகுப்பு முடித்து ஸ்டியரிங்கைப் பிடித்தவரா? அந்த இடத்தில் என் கணக்கு உதைக்கிறது.

சாக்கைக் காதில் வாங்காதே என்று விதி தெளிவாகச் சொல்கிறது. ஒருவர் தானாக முன்வந்து சொன்னதை எந்தப் பக்கம் வைப்பது என்று சொல்லவில்லை. சொன்னதற்காகச் சலுகை கொடுத்தால் அதுவும் அபத்தம்தான். நோயை மறைக்காமல் சொன்னீர்கள், ஆகவே பாதி மருந்து போதும் என்று எந்த டாக்டர் எழுதுவார்?

தடை நிலையில் இருக்கும் ஓட்டுநர்களில் பெரும்பாலோர் திரும்பி வரும் வழியில் முதல் அடியே எடுத்து வைப்பதில்லை. அதனால் இவரும் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். சிகிச்சை முடித்த காகிதத்தோடு, கொஞ்சம் மெலிந்து. இப்போது பகலில் ஒரு கிடங்கில் வேலை, ராத்திரி தூங்குகிறேன் என்றார். தேறிவிட்டார் என்பது பார்த்தாலே தெரிந்தது. தகுதி பெற்ற தேதியைக் கிளியரிங்ஹவுஸில் ஏற்றினேன். நன்றி சொன்னார். ஐ.ஓ.பி.யில் இருந்த ஆலோசகரைப் பற்றி வாயாரப் புகழ்ந்தார்.

அப்புறம், ஏதோ சாதாரண விஷயம் போல, தன் பழைய கம்பெனிப் பையன் ஒருவனுக்கும் பாசிட்டிவ் வந்திருக்கிறது, அவன் போன் செய்தான் என்றார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, தூக்கத்தைப் பத்தி எதுவும் பேசாதேன்னு சொன்னேன்." என்னைப் பார்த்து, "உங்கள குறை சொல்லல, டாக்டர்" என்று சேர்த்துக்கொண்டார்.

அவருக்கு என் சிகிச்சை பலித்திருக்கிறது. அவர் அடுத்தவனுக்குச் சொன்ன புத்தியும் சரியான புத்திதான். அவன் இடத்தில் என் தம்பி இருந்தால் நான் வேறு என்ன சொல்லியிருப்பேன்?

இப்போதெல்லாம் மதிப்பீடு தொடங்குமுன் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் இங்கே சொல்வதை வைத்துத்தான் என் பரிந்துரை கூடும் அல்லது குறையும். தெரிந்துகொண்டு பேசட்டும் என்று நினைத்துத்தான். இதே வேலை செய்யும் என் தோழி ஒருத்தி கேட்டுவிட்டுக் கோபப்பட்டாள். "பொய் சொல்லக் கதவைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாய். நாளைக்கு ஒருத்தன் யார் மேலாவது ஏற்றினால்?" என்றாள். அவள் கேட்பதும் நியாயம். அப்படிச் சொல்ல ஆரம்பித்த பிறகு என் எதிரில் உட்காருகிறவர்கள் குறைவாகத்தான் பேசுகிறார்கள், கல்வி வகுப்பு எழுதுவதும் கூடியிருக்கிறது. நிறுத்திவிடலாமா என்று அவளிடமே கேட்டேன். "ஓட்டுநருக்காகக் கேட்கிறாயா, உனக்காகவா?" என்றாள். இன்னும் நிறுத்தவில்லை.